பென்னியின் தண்ணீர்க் கிண்ணம்

முப்பத்து மூன்று வருடம் ஒரே பள்ளிக்கூடத்தின் தரையைத் துடைத்தவர் வெர்லின் ரிண்டால். மினசோட்டாவின் வடமேற்கு மூலையில், எந்தப் பக்கம் திரும்பினாலும் சர்க்கரை காய்ச்சும் பீட் கிழங்கு வயலும் அதற்கு மேல் வானமுமாகக் கிடக்கும் ஊர் அது. அங்கே படித்துவிட்டுப் போனவர்களுக்குப் பாடமெல்லாம் மறந்துவிட்டது. பள்ளி திறக்கும் நாளன்று புது மெழுகில் விளக்கெல்லாம் தலைகீழாகத் தெரியும் அந்த நீண்ட நடைகூடம் மட்டும் மறக்கவில்லை.

ஆள் நெடுநெடுவென்று உயரம். இடுப்பில் சாவிக்கொத்து. அதிகம் பேசமாட்டார். வகுப்பில் ஏதாவது குழந்தை வாந்தி எடுத்துவிட்டால் மரத்தூள் டப்பாவோடு வந்து நிற்பார். முகம் சுளிக்காமல் தூவி, கூட்டி அள்ளி, போகிற போக்கில் அந்தக் குழந்தையைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போவார். அவருடைய சாமான் அறையில் ஒரு தகர அலமாரி உண்டு. அதில் சின்னச் சின்னதாக ஆறேழு கால்சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தார். முதல் வகுப்பில் எவனாவது அடக்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிட்டால் டீச்சர் சொல்லி அனுப்புவாள். வெர்லின் வாளியும் துடைப்பமுமாக உள்ளே வருவார். அந்தப் பையன் பக்கத்தில் வந்ததும் கால் இடறியதுபோல வாளியைக் கவிழ்த்துவிடுவார்.

"அடடா, என் கை விளங்கவே மாட்டேங்குது! பாவம், இவன் மேலயெல்லாம் கொட்டிட்டேனே. வாப்பா, வேற மாத்திக்கலாம்" என்று அவனைக் கூட்டிக்கொண்டு போவார். வகுப்பே அவரைப் பார்த்துச் சிரிக்கும். பையனைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள்.

வீட்டில் அவர் வேறு ஆள். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு, அந்த ஒழுங்குக்கு ஒரு நேரம் உண்டு. வீட்டுத் தரை முழுவதும் ஓக் பலகை. கல்யாணமான மூன்றாம் குளிர்காலத்தில் ஒவ்வொரு பலகையாக இழைத்து, பதித்து, மூன்று முறை மெருகேற்றி, தானே போட்டது. அந்தத் தரையில் பூட்ஸோடு யாரும் நடந்ததில்லை. அவர் மனைவி லவோன் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள், ஓயாமல் பேசுகிறவள், யாரோடும் சிரிக்கிறவள். "தேவாலயத்துக்குள்ளகூட பூட்ஸ் போட்டுட்டுப் போறேன். என் சமையலறைக்குள்ள கால்ல துணி கட்டிட்டு நடக்கறேன்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். வெர்லினும் அதைக் கேட்டு உதட்டோரம் சிரிப்பார். தரை விஷயத்தில் மட்டும் இறங்கி வரமாட்டார்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, டேரல். பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுப் போனவன். மேற்குக் கடற்கரையில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறான். மாதம் ஒரு ஞாயிறு அம்மாவுக்கு போன் செய்வான். கடைசியில் "அப்பாவை விசாரிச்சேன்னு சொல்லு" என்று வைத்துவிடுவான்.

லவோன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். புதுச் செப்புக்காசு நிறம். அதனால் பென்னி என்று பெயரும் வைத்துவிட்டிருந்தாள்.

"வீட்டுக்குள்ள கூடாது" என்றார் வெர்லின்.

"வெளியில மைனஸ் நாற்பது டிகிரி குளிர். இதை வெளியில விட்டா நானும் இதுகூட வெளியில படுத்துக்குவேன். எப்படி வசதி?"

"தரை?"

"ஒரே ஒரு சொட்டு உங்க தரையில விழுந்தா நானே கொண்டுபோய் விட்டுடறேன். போதுமா?"

அவள் சொன்னபடி செய்தாள். பின்கதவுக் கைப்பிடியில் ஒரு வாரைக் கட்டி அதில் ஒரு சின்ன மணியைத் தொங்கவிட்டாள். வெளியே போக வேண்டும் என்றால் பென்னி மூக்கால் அதை முட்ட வேண்டும். மூன்றே வாரத்தில் கற்றுக்கொண்டது. பதினோரு வருடத்தில் ஒரு நாளும் அந்தத் தரையில் ஒரு சொட்டு விழவில்லை. பனிப்புயலில் கதவைத் திறந்தால் முழங்கால் அளவு பனியில் இறங்கிப் போய், வேலையை முடித்துக்கொண்டு, வாசல் விரிப்பில் நின்று நாலு காலையும் துடைக்கக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரும். "இந்த வீட்டுல நீங்க சொல்றதைக் கேட்கிற ஒரே ஜீவன் இதுதான்" என்பாள் லவோன்.

லவோனுக்குச் சினைப்பையில் புற்றுநோய் வந்து, ஏழு மாதத்தில், ஒரு மார்ச் மாதம் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்துக்கு வந்த டேரல் மூன்று நாள் இருந்தான். போகும்போது நாயை நான் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டான். வெர்லின் வேண்டாம் என்றுவிட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. அதன் பிறகு இரண்டரை வருடம் அந்த வீட்டில் அவரும் நாயும்தான். அவர் நாயைக் கொஞ்சுகிற ஆள் இல்லை. ஆனால் காலையில் காபி கொதிக்கும்போது அது அவர் கால்மீது உட்காரும். அவரும் காலை நகர்த்தாமல் நிற்பார். அவருக்கு அதுவே பெரிய விஷயம்.

அந்த செப்டம்பரில்தான் மணி அடிக்கடி அடிக்க ஆரம்பித்தது. நாளுக்கு நாலு தடவை அடித்துக்கொண்டிருந்தது எட்டாயிற்று, பிறகு பத்தாயிற்று. அவர் எழுந்து போய்த் திறப்பார். வெளியே போகும், வரும். பத்திரிகையைக் கையில் எடுத்தால் மறுபடியும் மணி.

"உனக்குப் பொழுது போகலைன்னா நான் உன் வாசல் காவல்காரனா?" என்றார் ஒருநாள். பிறகு வாரோடு மணியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். மணி இல்லாவிட்டால் விளையாட்டும் நின்றுவிடும் என்பது அவர் நினைப்பு. பென்னி கதவருகே போய், மணி இருந்த இடத்தை மூக்கால் முட்டிப் பார்த்தது. சத்தம் வராததால் திரும்பி வந்து அவர் முகத்தைப் பார்த்தது. அவர் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அக்டோபரில் கிழங்கு அறுவடை. ஓய்வுக்குப் பிறகு வருடா வருடம் அந்த மூன்று வாரமும் கிழங்கு குவிக்கும் மைதானத்தில் லாரிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் வேலைக்கு வெர்லின் போவார். காலை ஏழுக்குப் போனால் மாலை ஏழுக்குத்தான் வீடு. மதியம் ஒரு தடவை பக்கத்து வீட்டு மர்வ் ஹெக்லண்ட் வந்து நாயை வெளியே விடுவார். மர்வ் பழைய கிழங்கு விவசாயி. நிலத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஊரில் எல்லோருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருப்பவர்.

இரண்டாம் நாள் மாலை, கதவைத் திறந்ததும் வாடை அடித்தது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில், பலகைகளின் இடுக்குவரை இறங்கி, ஒரு குட்டையே கிடந்தது. பென்னி மேசைக்கு அடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தது.

அவர் துடைத்தார். வினிகர் போட்டுக் கழுவினார். மறுநாள் மறுபடியும். அதற்கு மறுநாள் இரண்டு இடத்தில். நாலாம் நாள், கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து வந்து, அதன் மூக்கை அந்த ஈரத்தில் வைத்து அழுத்தினார். பதினோரு வயது நாய் அது. எதிர்த்து உறுமவில்லை. கால் நாலும் வழுக்க, கண்ணை மூடிக்கொண்டது.

"அது வேணும்னே பண்ணுதுடா வெர்ல்" என்றார் மர்வ், வேலி ஓரமாக நின்று. "எங்க அப்பன்கிட்ட ஒரு கிழட்டு நாய் இருந்துச்சு. வயசானதும் அதுக்குத் திமிர் ஏறிப்போச்சு. நீ நாள் முழுக்க விட்டுட்டுப் போறேல்ல? அந்தக் கோவம்."

"லவோன் இருந்தப்ப ஒருநாள் செஞ்சதில்லையே."

"அதைத்தானே நானும் சொல்றேன். அவ இல்லை. உன் மூஞ்சியை மட்டும் பாத்துட்டு இருக்கணும்னா நானே நனைச்சுடுவேன்."

வெர்லின் சிரிக்கவில்லை. மர்வ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மத்தியானம் வர்றப்ப பாக்கறேன், கிண்ணம் எப்பவும் காலியா கிடக்கு. அம்மாம் பெரிய கிண்ணம். அவ்வளவு குடிச்சா எங்க போகும்? தண்ணியைக் குறைச்சுப் பாரு."

அறுவடை முடிந்தது. வெர்லின் இப்போது நாள் முழுவதும் வீட்டில். அப்படியும் ஈரம் நிற்கவில்லை. கோபம் என்றால் ஆள் வீட்டில் இருக்கும்போது ஏன் செய்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தார். அந்த யோசனையை நீட்டிப் பார்க்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் குழாயும் வடிகாலுமாகப் பழகியவருக்குக் கணக்கு எளிதாகவே தெரிந்தது: கீழே ஒழுகுகிறது என்றால் மேலே அடைக்க வேண்டும்.

முதலில் பிற்பகல் மூன்று மணிக்குக் கிண்ணத்தை எடுத்து மேடைமேல் வைத்தார். பிறகு மதியம். நவம்பர் நடுவில், காலையில் ஒரு கோப்பை, அவ்வளவுதான். கழிப்பறைக் கோப்பையில் வாய் வைத்ததைப் பார்த்தபின் அதன் மூடியை மூடி, மேலே ஒரு கனமான புத்தகத்தையும் வைத்தார். வெளியே விட்டால் பனியை நக்கிக்கொண்டே நின்றது. வாரைப் பிடித்து இழுத்து வந்தார். வெயில் வரும் காலை நேரத்தில் ஜன்னல் கண்ணாடியில் நீராவி படிந்து வழியும். பென்னி முன்காலை ஜன்னல் விளிம்பில் ஊன்றி, அந்தக் கண்ணாடியை மேலிருந்து கீழாக நக்கியது. "ச்சீ, கண்ணாடி பூரா எச்சில்" என்று துடைத்தார்.

குட்டைகள் சிறிதாயின. ஒருநாள் முழுக்கத் தரை காய்ந்திருந்தது. அன்று மாலை வெர்லின் மெழுகு டப்பாவைத் திறந்து, கறைபட்ட இடங்களைத் தேய்த்து மெருகேற்றினார். வெகுநாளைக்குப் பிறகு மனதில் ஒரு திருப்தி. பென்னி, வீட்டைச் சூடாக்கும் எந்திரம் இருக்கிற சூட்டடுப்பு அறையின் சிமெண்டுத் தரையில் படுத்திருந்தது. பகலில் அங்கேதான் அடைத்து வைத்திருந்தார். கிண்ணத்து உணவு அப்படியே இருந்தது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது, வாயில் ஒரு கெட்ட வாடை. வயசாகிறது என்று எடுத்துக்கொண்டார்.

நவம்பர் இறுதியில் விருந்தோடு கொண்டாடும் நன்றியறிதல் நாளுக்கு முந்தின ஞாயிறு டேரல் போன் செய்தான். அம்மா போனபின் அவன் அப்பாவுக்கு நேராக போன் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் அது இன்னும் பழகவில்லை. குளிர் எப்படி, கூரையில் பனி எவ்வளவு என்று கேட்டான். பேச ஒன்றும் இல்லாமல் போனபோது, "பென்னி எப்படி இருக்கு?" என்றான்.

வெர்லினுக்குச் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது. "ஒரு மாசமா வீட்டுக்குள்ள நனைச்சுட்டு இருந்துச்சு. இப்ப சரி பண்ணிட்டேன்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"டாக்டர் எதுக்கு? தண்ணியைக் குறைச்சேன். காலையில ஒரு கோப்பை. நின்னு போச்சு."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"அப்பா, எனக்கு எத்தனை மணிக்கு நிறுத்தினீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்றான் டேரல்.

"என்னது?"

"தண்ணி. எனக்கு ஏழு வயசு. நாலு மணிக்கு நிறுத்துவீங்க. ராத்திரி சாப்பாட்டுல எல்லாரும் பால் குடிப்பீங்க, என் முன்னாடி தம்ளர் இருக்காது."

"படுக்கையை நனைச்சுட்டு இருந்தே. அதுக்குத்தான். உனக்காகத்தான்டா செஞ்சேன்."

"குளிக்கப் போவேன்ல? முகம் துடைக்கிற துணியை நனைச்சு வாயில வச்சு உறிஞ்சுவேன். சோப்பு வாசனையோட. கதவைத் தட்டி 'இன்னும் என்ன பண்றே'ம்பீங்க." அவன் குரலில் கோபம் இல்லை. எஞ்சினில் என்ன பழுது என்று வாடிக்கையாளருக்கு விளக்குகிற மாதிரி சொன்னான். "அந்த வருஷம்தான் உங்க பள்ளிக்கூடத்துல நான் முதல் வகுப்பு. என் பக்கத்துல உக்காந்திருந்த பையன் நனைச்சுட்டான். நீங்க வந்து வாளியைக் கவுத்தீங்க. எனக்குத் தெரியும் அது வேணும்னு கவுத்ததுன்னு. மத்தவங்க பிள்ளைக்கெல்லாம் வாளியைக் கவுப்பீங்கப்பா. எனக்குத் தம்ளரை எடுத்துட்டீங்க."

வெர்லின் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"அதுக்குத் தண்ணி குடுங்க" என்று சொல்லிவிட்டு டேரல் வைத்துவிட்டான்.

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. முப்பத்தேழு வருடம் கழித்து எதையோ கிளறுகிறான், அதுவும் ஒரு நாயை வைத்து. என் அப்பா என்னை வாரால் அடித்தார், நான் இவன்மேல் ஒருநாள் கை வைத்திருக்கிறேனா என்று சமையலறையில் நின்று சத்தமாகவே கேட்டார். பிறகு உட்கார்ந்தார். லவோன் அந்தக் காலத்தில் ஒருமுறை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாய் குடிச்சுக்கட்டுமே, நான் படுக்கையைத் துவைச்சுக்கறேன்" என்று கெஞ்சியது நினைவுக்கு வந்தது. அப்போது அவர் கையை உதறிக்கொண்டு போனார்.

எழுந்து போய்க் கிண்ணம் நிறையத் தண்ணீர் பிடித்து, சூட்டடுப்பு அறையில் கொண்டுபோய் வைத்தார். பென்னி எழுந்தது, பின்கால் தடுமாறியது. கிண்ணத்தில் முகத்தை வைத்தது, பிறகு எடுக்கவேயில்லை. அடிவரை குடித்து, காலிக் கிண்ணத்தைத் தரையோடு தள்ளிக்கொண்டே நக்கியது. அதன் பிறகு குடித்தது முழுவதையும் அவர் காலடியில் வாந்தி எடுத்தது. மறுநாள் காலை காபி கொதிக்கும்போது அது வரவில்லை. போய்ப் பார்த்தார். கண் திறந்திருந்தது; எழுந்திருக்க முடியவில்லை.

முப்பது மைல் தள்ளிப் பக்கத்து ஊரில்தான் கால்நடை மருத்துவமனை. நோவாசெக் என்ற பெண் டாக்டர், நாற்பது வயதுக்குள் இருப்பாள். பென்னியின் ஈறைத் தூக்கிப் பார்த்தாள், முதுகுத் தோலைக் கிள்ளி விட்டாள். தோல் கிள்ளின இடத்திலேயே நின்றது. ரத்தம் எடுத்துக்கொண்டு போய் அரை மணி கழித்து ஒரு தாளோடு வந்தாள்.

"சிறுநீரகம் ரெண்டும் ரொம்ப மோசமா இருக்கு. இது நேத்து இன்னைக்கு வந்ததில்லை. கொஞ்ச மாசமா தண்ணி நிறையக் குடிச்சிருக்கணுமே?"

"குடிச்சுது. அப்புறம் குடிக்கல. நான்தான் குடுக்கலை."

டாக்டர் தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மணியைக் கழற்றியது, கிண்ணத்தை எடுத்தது, கழிப்பறை மூடிமேல் புத்தகம் வைத்தது. தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, எதையும் விடாமல் சொன்னார். முடித்துவிட்டு, "நிறையக் குடிச்சதாலதான் நனைக்குதுன்னு நினைச்சேன்" என்றார்.

டாக்டர் தாளை மேசையில் வைத்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். "அது நேர்மாறு, மிஸ்டர் ரிண்டால். குடிச்சதால ஒண்ணுக்குப் போகலை. ஒண்ணுக்குப் போனதாலதான் குடிச்சுது. கெட்டுப்போன சிறுநீரகம் உடம்புல தண்ணியைப் பிடிச்சு வைக்காது. உள்ள போறதை அப்படியே வெளிய விட்டுடும். அதை ஈடு கட்டத்தான் குடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. இத்தனை நாள் அந்தத் தண்ணிதான் அதை நிறுத்தி வச்சிருந்துச்சு."

"வேணும்னு செய்யலையா?"

"இந்த மாதிரி வயசான, பழகின நாய் திடீர்னு வீட்டுக்குள்ள போக ஆரம்பிச்சா, முக்கால்வாசி உடம்புலதான் ஏதோ இருக்கும். மூத்திரப் பையில கிருமி, சர்க்கரை, எழுந்து போக முடியாத மூட்டு வலி. சிலதுக்கு வயசுல புத்தி தடுமாறி, கதவு எங்கேன்னே மறந்து போகும். பழிவாங்கப் போற நாயை நான் இன்னும் பாத்ததில்லை." அவள் நிறுத்தினாள். "மணி அடிச்சுதுன்னு சொன்னீங்க. நாளுக்குப் பத்து தடவை. அது உங்ககிட்ட சொல்லிட்டுதான் இருந்திருக்கு."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். சட்டென்று எழுந்து போய் ஊசி, குழாய் எல்லாம் எடுக்க ஆரம்பித்தாள்.

நாலு நாள் நரம்பு வழியாக நீர் ஏற்றினார்கள். நாலு நாளும் வெர்லின் காலையில் வண்டியெடுத்துப் போய், கூண்டுக்கு முன்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நன்றியறிதல் நாளன்று டாக்டர் தன் வீட்டிலிருந்து ஒரு தட்டில் வான்கோழிக் கறியும் மசித்த உருளைக்கிழங்கும் கொண்டு வந்து கொடுத்தாள். அவர் தட்டை மடியிலேயே வைத்திருந்தார். கறியில் ஒரு துண்டைப் பிய்த்துக் கம்பி வழியாக நீட்டினார். பென்னி முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தம் பார்த்தார்கள். ரத்தத்தில் கழிவின் அளவு இறங்கவில்லை.

"இதுக்கு மேல அதைக் கஷ்டப்படுத்தறதுதான்" என்றாள் டாக்டர்.

"செப்டம்பர்ல கொண்டு வந்திருந்தா?"

"அதையெல்லாம் இப்ப—"

"சொல்லுங்க. நான் கேக்கணும்."

அவள் பூசி மெழுகவில்லை. "குணமாகியிருக்காது. ஆனா தனிச் சாப்பாடு, மாத்திரை, வேணுங்கிற அளவு தண்ணி... ஒரு வருஷம் இருந்திருக்கும். சிலது ரெண்டு வருஷம்கூட நல்லாவே இருக்கும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தரையில் போர்வை விரித்து அதில் பென்னியைக் கிடத்தினார்கள். வெர்லின் கீழே உட்கார்ந்து அதன் தலையைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டார். பன்னிரண்டாவது குளிர்காலம் அதற்கு. காதுக்குப் பின்னால் தடவிக் கொடுத்தார். அங்கே இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பது இதுவரை தெரியாது. ஊசி ஏறியது. கடைசி மூச்சோடு உடம்பு தளர்ந்து, அதில் இருந்த நீரெல்லாம் அவர் கால்சட்டையிலும் தரையிலும் ஓடியது.

உதவிக்கு நின்ற பெண் துணி எடுக்க ஓடினாள். "இரும்மா, இங்க குடு" என்று வாங்கிக்கொண்டார். முதலில் பென்னியைத் துடைத்தார், வாலிலிருந்து பின்கால்வரை, மெதுவாக. அப்புறம் துடைப்பம் கேட்டு வாங்கித் தரையைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் அதே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் வந்து கையிலிருந்து துடைப்பத்தை வாங்க வேண்டியிருந்தது.

மண் கல்லாக உறைந்து கிடந்தது. மர்வ் கடப்பாறையும் கரி மூட்டையும் தகரமுமாக வந்தார். தோட்டத்து மூலையில் நெருப்பைப் போட்டு, தகரத்தால் மூடி, மண் இளக இளகத் தோண்டினார்கள். காலையில் ஆரம்பித்தது, பொழுது சாயும்போதுதான் ஆழம் போதுமானதாக இருந்தது. அன்றைக்கு மர்வ் ஒரு நக்கலும் அடிக்கவில்லை.

"நான்தான் தண்ணியைக் குறைன்னு சொன்னேன்" என்றார் கடைசியில்.

"நீ சொன்னே. செஞ்சது நான்."

"எனக்குத் தெரியாது வெர்ல்."

"எனக்கும் தெரியாதுதான். கேட்டிருக்கலாமில்ல? கேக்கலை."

மறுநாள் டேரலுக்கு இவரே போன் செய்தார். வாழ்க்கையில் மூன்றாவதோ நாலாவதோ தடவை. பென்னி போய்விட்டது என்றும், டாக்டர் சொன்னது என்ன என்றும் ஒன்று விடாமல் சொன்னார்.

"பாவம்" என்றான் டேரல். "பாவம்ப்பா அது."

"டேரல், அந்தத் துணி விஷயம் எனக்குத் தெரியாதுடா. நீ உறிஞ்சினேன்னு சொன்னியே, அது."

"தெரிஞ்சிருந்தா தண்ணி குடுத்திருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவன்கூட அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். வெர்லின் யோசித்தார். அந்தக் காலத்து வெர்லினை, இருபத்தொன்பது வயதில் சாவிக்கொத்தோடு குளியலறைக் கதவைத் தட்டிய அந்த ஆளை, எதிரில் நிறுத்திப் பார்த்தார். பொய் வாயில் வரவில்லை.

"அந்தத் துணியையும் எடுத்திருப்பேன்" என்றார்.

"சரிப்பா. வேலைக்கு நேரமாச்சு" என்றான் டேரல். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. கீழே பெயர் மட்டும் எழுதியிருந்தது. ஜூன் மாதம் இரண்டு நாள் வந்தான், சாலையோர விடுதியில் தங்கினான். கூரைத் தகட்டை மாற்ற அப்பாவுக்கு உதவினான். இரண்டு பேரும் கூரையைப் பற்றியே பேசினார்கள்.

அதற்கு முன் பிப்ரவரியில் ஒன்று நடந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஆராதனை முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்லிஸ் ஃபாஸ் என்கிற விதவை அடுத்த மேசையில் இருந்தாள். அவளுடைய கிழட்டு ஸ்பேனியல் நாய் சோபாவையெல்லாம் நனைக்கிறதாம். "என் தம்பி சொல்றான், ரெண்டு நாள் தண்ணி காட்டாம கார் ஷெட்ல போடு, புத்தி வரும்னு" என்று சொல்லிச் சிரித்தாள்.

நாற்காலி பின்னால் விழ வெர்லின் எழுந்தார். "தண்ணியை எடுக்காதே!" என்றார். அந்தக் கூடத்தில் அவர் குரல் அப்படிக் கேட்டதேயில்லை; காபி ஊற்றிக்கொண்டிருந்தவள்கூட நின்றுவிட்டாள். "நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. நாளைக்கே. வண்டி இல்லைன்னா நான் வர்றேன்." நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பத்து நாள் கழித்து ஆர்லிஸ் ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மூத்திரப் பையில ஏதோ கிருமியாம். ஒரு வாரம் மாத்திரை, அவ்வளவுதான் வெர்லின்! இப்ப குட்டி மாதிரி ஓடுது. உங்களாலதான். இல்லைன்னா நான் பாட்டுக்கு என் தம்பி பேச்சைக் கேட்டிருப்பேன்."

"ஒரு வாரம்" என்றார் அவர்.

"ஒரே வாரம்."

"தண்ணி நல்லா குடிக்குதா?"

"அது பாட்டுக்குக் குடிக்குது. அதையெல்லாம் யாரு பாக்கறா?" என்றாள் ஆர்லிஸ்.

அவர் பலகாரத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இன்னும் சூடாக இருந்தது. அவள் உள்ளே வர பூட்ஸைக் கழற்றக் குனிந்தாள். "கழட்ட வேணாம், அப்படியே வா" என்றார். அவள் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். இன்னொரு நாள் வருகிறேன், நாய் வண்டியில் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு நீண்ட காதுகள் துள்ளிக்கொண்டிருந்தன. வண்டி தெருமுனை திரும்பும்வரை, கதவைத் திறந்து வைத்தபடி, பனிக்காற்று வீட்டுக்குள் வர, வெர்லின் அங்கேயே நின்றார்.